தொண்ணூறு மில்லி

ஐப்பசி, செவ்வாய் இரவு. மந்தைவெளி. மழை விட்டுவிட்டது.

வீட்டு வேலைக்கு வரும் செல்வி காலையில் எங்கள் குடியிருப்பின் இரும்பு கேட்டைத் தொட்டார். ஷாக் அடித்துத் தெருவில் விழுந்தார், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். மாலையில் எலெக்ட்ரீஷியன் பாபுவை வரவழைத்தேன். வயரைக் கவ்விப் பிடித்து, கசியும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். கீழ்வீட்டு சுந்தரத்தின் மோட்டார் வயரில் அதை மாட்டினார். சுந்தரமும், ஊரிலிருந்து வந்திருக்கும் அவர் மாமனாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் காபிகூடத் தொடாதவர்.

"இன்னா சார், உன்கிட்டதான் கீது. தொண்ணூறு மில்லி. ஆளையே தூக்கிடும்" என்றார் பாபு.

"தொண்ணூறா, மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

சுந்தரம் பாபுவின் சட்டையைப் பிடித்தார். "எவன்டா சொன்னான் உனக்கு? நேத்து ஒருநாள்தான்டா" என்று வாயிலேயே குத்தினார். பல் தெறித்தது. மீட்டரைப் பிடுங்கி மண்டையில் அடித்தார். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கை உணரும் கருவி, இரண்டாவது அடியில் பிளந்தது. "அவர் கரண்ட்டைச் சொல்றார்யா" என்று குறுக்கே போன எனக்கும் ஒன்று விழுந்தது. ரத்தம் வழிய பாபு அவரை எட்டி உதைத்தார். சுந்தரம் கேட்டின் மேல் போய் விழுந்து ஒட்டிக்கொண்டார். ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

சுந்தரம் பிழைத்துவிடுவார் என்றார் டாக்டர். "வாயை மோந்து பாத்தீங்களா?" என்று கேட்டார் மாமனார்.

மெயினை நான் போடவில்லை, யாரையும் போடவும் விடவில்லை. விடிந்ததும் செல்வி அந்தக் கேட்டைத்தான் திறக்க வேண்டும். மெழுகுவத்தி முடிகிறது.