என்ஜினைக் கொடுத்துவிட்டோம், மகள்

கிங்ஸ்பரி, லண்டன்
ஜூன் மாதம்

அன்புள்ள மகள் லக்‌ஷிகாவுக்கு,

அப்பாவும் நானும் நல்ல சுகம், ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நீயும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், எனக்கும் அழுகை வரும், அதனால்தான் கடிதம். முதலில் நல்ல செய்தி. போன மாதம் பழைய கார் றேஸில் உன் அம்மா முதலாவதாக வந்தாள். ஓம், நான்தான்! நீ வேலைக்குப் போன பிறகு சும்மா கிடந்த உன் காரை எடுத்து, இவ்வளவு காலமும் பின்வரிசையில் இடிபட்டுக்கொண்டு ஓடினவள், கொண்டையை ஹெல்மெட்டுக்குள் திணித்துக்கொண்டு அத்தனை பேரையும் முந்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துள்ளினதில் அப்பாவின் செருப்பு அறுந்துபோனது.

இனிக் கெட்ட செய்தி. நீ ஒவ்வொரு சாமானாகச் சேர்த்துப் பூட்டித் தந்த என்ஜின் அன்றைக்கே கைவிட்டுப் போய்விட்டது. போன வருடம் ஒரு பணக்காரர், நாங்கள் சமையலறையைப் புதுப்பித்த செலவளவு காசை ஒரு என்ஜினுக்குள் கொட்டி எல்லா ஓட்டத்திலும் வென்றாரே, இவரோடு போட்டிபோட ஏலாது என்று ஐந்தாறு பேர் காரை நிறுத்திவிட்டுப் போனார்களே, உனக்கு நினைவிருக்கும். இது சம்பளத்துக்கு வேலை செய்கிற சனத்தின் ஓட்டம், அப்படியே இருக்கவேண்டும் என்று கிளப் கூட்டத்தில் மேசையில் அடித்துக் கதைத்தது உன் அப்பாதான். அவர் கேட்டபடியே சட்டம் வந்தது. முதலாவதாக வந்த காரின் என்ஜினை அன்றைக்கு ஓடின யாரும் ஐந்நூறு பவுணுக்குக் கேட்கலாம், கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், மறுத்தால் வெற்றியும் போய்விடும், அந்த வருட ஓட்டமும் போய்விடும். ஐந்நூறுக்குப் பறிபோகக்கூடிய சாமானில் யார் ஆயிரக்கணக்கில் கொட்டுவார்கள்? நல்ல சட்டம்தான், ஆனால் முதல் அடி எங்களுக்கே விழும் என்று யார் கண்டது! கேட்டது யாரென்று நினைக்கிறாய், பாரிஸிலிருந்து வந்து சவுத்தாலில் பைப் வேலை செய்கிற சுபாஸ்கரன், எப்போதும் கடைசியாக வருகிறவன். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பிள்ளை பூட்டின சாமான், தரமாட்டன், கப்பும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் என்று நின்றார். மேசையில அடிச்ச கை இப்ப எங்கை என்று கேட்டேன். எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா? ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தது நான்தான்.

அடுத்த ஞாயிறு சுபாஸ்கரன் மனைவியையும் கூட்டிக்கொண்டு, தட்டில் வாழைப்பழமும் லட்டுமாக வீட்டுக்கு வந்து நிற்கிறான், பெண்ணைக் கொண்டுபோன பிறகு பெண் கேட்டு வந்த மாதிரி! அப்பா மேலே குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டார். நான் தேத்தண்ணி போட்டேன். அக்கா கோவிக்காதேங்கோ, நீங்கள் உள்ளுக்குள்ள ஏதோ ஒளிச்சு வைச்சிருக்கிறியள் எண்டு எல்லாரும் கதைச்சவை, நானும் நம்பித்தான் கேட்டனான், கழட்டிப் பாத்தா என்ரை என்ஜினில இருக்கிற அதே சாமான்தான், பூட்டின கைதான் வேறை என்றான். இதைக் கிளப்பிலும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டானாம். மேலே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பா இறங்கி வந்து, பூட்டினது என்ரை மகள் என்று சொல்லி லட்டு எடுத்தார்.

போன சனிக்கிழமை திரும்ப ஓடினோம். என் காரில் பழைய இரும்புக் கடையில் வாங்கின என்ஜின். கடைசி வளைவில் சுபாஸ்கரன் என்னைத் தாண்டிப் போனான், உன் என்ஜின் காதுக்குள் உறுமிக்கொண்டு போனபோது நெஞ்சு கொதித்தது, ஆனால் அது என் பிள்ளையின் வேலையல்லவா, சிரிப்பும் வந்துவிட்டது. அவன் மூன்றாவது, நான் ஐந்தாவது. போன வருடம் நின்றுபோனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து ஓடினார்கள், யார் வெல்வது என்று கடைசி வரைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

கோபமென்றால் நன்றாகத் திட்டி எழுது மகள், நான் வாசிப்பேன். சுரங்கத்தில் வேலை செய்யும்போது கவனம், இரவில் தனியே கார் ஓடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உன்னோடு நிற்பார், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட மறக்காதே. அப்பா கேட்க வெட்கப்படுகிறார், அதனால் நான் கேட்கிறேன், வந்து இன்னொரு என்ஜின் பூட்டித் தா. அதையும் ஒருவர் வந்து கேட்டு வாங்கிப் போகும்படி நான் ஓடிக் காட்டுகிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
கி. ஜெயகௌரி