புழு கடித்தது என்று பிள்ளை சொன்னது

அன்பு மகன் ஃபாஸிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அலவத்துகொடையில் நானும் உம்மாவும் உன் பெண்சாதி கைரியாவும் பிள்ளை ஷஹ்மாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு அஸீமா எழுதுகிறா. போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடவில்லை, கடதாசி என்றால் இடையில் வெட்ட ஏலாது, அதனால்தான் வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிற ஹாஷிமிடம் இதைக் குடுத்து விடுகிறேன்.

முதலில் ஷஹ்மா. விரல் வீக்கம் வத்திவிட்டது, சோறு தின்கிறா. கண்டி பெரியாஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார், இன்னும் ஒரு தரம் காட்ட வேணும். இனி நடந்ததைக் கேள். கோழிக்குஞ்சுக்குப் புழு பொறுக்குவது உன் மகளுடைய வேலை என்று உனக்குத் தெரியும். சாதிக்காய் மரத்தடியில் இலைக் குவியலில் பொறுக்கிக் கொண்டிருந்தா, கைரியா பக்கத்தில்தான் உடுப்புக் கழுவினா. புழு கடிச்சிட்டு என்று பிள்ளை அழுதுகொண்டு வர, சின்னப் புள்ளிதானே, முள்ளாக்கும் என்று கைரியா பார்த்துவிட்டு, புழுவுக்கு எங்கடி பல்லு என்று சிரித்தா. உன் உம்மா, அப்ப நீயும் போய் அதைத் திருப்பிக் கடிச்சிட்டு வா என்றா. நான் தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்ததும் பிள்ளை எனக்கும் முறைப்பாடு சொன்னா, அந்தப் புழு ஒரே இடத்தில் நின்று ஆடினதாம். புழு மண்ணுக்குள் ஓடப் பார்க்கும், நின்று ஆடாது. தடியால் இலையை விலக்கினேன், கோப்பி விரியன் பாம்புக் குட்டி, பென்சில் நீளமும் இல்லை, உடம்பு சருகு நிறம், வால் நுனி மட்டும் மஞ்சள். சொன்ன உடனே கைரியா செருப்பும் போடாமல் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு ரோட்டுக்கு ஓடி த்ரீவீலை மறித்தா.

மேல் தோட்டத்தில் பழைய கோப்பிச் செடியைப் பிடுங்கின வருஷம் நான் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். குட்டி சருகோடு சருகாகக் கிடக்கும், வால் நுனியை மட்டும் வாய்க்குக் கிட்ட வைத்து புழு மாதிரி நெளிக்கும். ஒரு அரணை தலையைச் சாய்த்துப் பார்த்துக் கொண்டே வந்தது, குட்டி ஒரே கவ்வு, அவ்வளவுதான். அந்த அரணை இலைக்குள்ளேயே பிறந்து புழு தின்று வளர்ந்தது, அதுக்கே வித்தியாசம் தெரியவில்லை. கைரியா திகனையில் கடைவீட்டில் வளர்ந்தவள். பக்கத்தில் இருந்தும் பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவள் என்று போனில் அவளை எப்படி ஏசினாய்?

வார்டில் தாதி சொன்னபடி பிள்ளையுடைய மூத்திரத்தை அளந்து அளந்து, படுக்காமல் இருந்தது அவதான். இப்போது உன் போன் அடித்தால் உம்மாவிடம் நீட்டுகிறா. அலுமாரி மேலிருந்த பெட்டியை இறக்கி வைத்திருக்கிறா, பிள்ளையைக் காட்டி முடிந்ததும் திகனைக்குப் போகிறேன் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறா. போனால் லேசில் வரமாட்டா.

வளவு முழுக்க சிமெந்து போடச் சொன்னாய், போட மாட்டேன். இலையைக் கூட்டி வேலியோரம் ஒதுக்கியாச்சு, பிள்ளைக்குக் காலை மூடுகிற சப்பாத்தும் வாங்கியாச்சு. பக்கத்து வளவு ஸாகி அடிக்க வரும்போது பாம்பு போய்விட்டது. அது தன் இரைக்கு வாலை ஆட்டினது, எங்கள் பிள்ளைக்கு இல்லை.

அல்லாஹ் உனக்கு பரக்கத்தும் பொறுமையும் தருவானாக. ஹாஷிமிடம் குடுத்துவிட்ட மிளகுத்தூளை ஈரம் படாமல் வை. இதை வாசித்த உடனே எனக்குப் போன் எடுக்க வேணாம், கைரியாவுக்கு எடு. அவ எடுக்கும் வரைக்கும் எடு. எடுத்தால் பாம்புக் கதை கேட்காதே, முதலில் மாப்புக் கேள்.

உன் வாப்பா,
லாபிர் (கைநாட்டு)