இரண்டு பைகளில் ஒன்று

மியூனிக்கில் 1974 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை. மகள் வசுமதியின் பதிவுத் திருமணத்துக்குக் கிளம்பிய அம்பிகா, ஸ்காட்லாந்து மாப்பிள்ளை வேண்டாமென்று எட்டு மாதமாக மகளோடு பேசாமலிருந்த கணவர் நடேசனுக்குச் சீட்டு எழுதினாள். அவருடைய அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"ரசம் அடுப்பு மேல இருக்கு. வீட்டைப் பூட்டினா சாவியை மறக்காம எடுத்துக்குங்க, என்கிட்ட வேற இல்ல.

மேஜை மேல ரெண்டு பை வச்சிருக்கேன். ஸ்காட்லாந்து ஆம்பளைங்க பாவாடை மாதிரி கட்டுற கில்ட்டுக்கு முன்னால இடுப்புல தொங்கவிடுற ஸ்போரன். மாப்பிள்ளை இயனுக்கு நம்ம வீட்டுச் சீரா இருக்கட்டும்னு எடின்பரோவிலேர்ந்து வரவழைச்சேன். கையால தைச்சது. ஒண்ணு வெறும் தோல், இன்னொண்ணு கடல்நாய் ரோமம் வச்சது. பகல் கல்யாணத்துக்குத் தோலே போதும்னு தைச்சவர் எழுதியிருக்கார். எனக்கென்னவோ ரோமம்தான் பிடிச்சிருக்கு. நீங்களே பாத்து ஒண்ணை எடுத்துக்கிட்டு பதினொரு மணிக்கு வாங்க. வசுகிட்ட பேசக்கூட வேண்டாம். மாப்பிள்ளை கையில கொடுத்தாப் போதும்."

அவர் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்: "ரெண்டையும் இங்கயே விட்டுட்டுப் போறேன். நீங்க வரலைன்னா மாப்பிள்ளை பை இல்லாமத்தான் நிக்கணும்."

பதிவு அலுவலகத்தில் வசுமதி கேட்டாள்: "அப்பா வராராம்மா?"

"வந்துக்கிட்டிருக்கார்."

பதினொன்றே காலுக்கு அதிகாரி பெயர்களை வாசித்தார். இயன் கில்ட்டின் முன்புறத்தை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.