சக்கரத்துக்கு மூன்று பூச்சு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கார் பஞ்சர். சக்கரத்தைக் கழற்ற இவர் ஸ்பேனர் மேல் ஏறி ஒரு மிதி மிதித்தார். டக்கென்று சத்தம். "பார்த்தியா, என்கிட்டயா!" என்று சிரித்தார். குனிந்து பார்த்தால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டே துருப்பிடித்து முறிந்து, நட்டோடு சேர்ந்து கீழே கிடக்கிறது. ஐந்தில் ஒன்று போயிற்று.

"மீதி நாலு இருக்குல்ல, ஓடும்" என்கிறார். ஓடும், எதுவரைக்கும் ஓடும்? மகளுக்கு ஒன்பதாம் மாதம். மாப்பிள்ளை கப்பலில். மலை மேலிருந்து அவளை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வரப்போவது இந்த வண்டிதான்.

மார்ச் 5, வியாழன்

மெக்கானிக்கிடம் போனேன். ஊரே அவரைக் கொட்டாவி என்றுதான் கூப்பிடுகிறது. இன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது, பேச்சுக்கு நடுவே வாயைப் பிளந்துகொண்டே இருக்கிறார். உடைந்த போல்ட்டை முன்னாலிருந்து தட்டிப் பின்பக்கம் தள்ளினார். புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் வாஷர் அடுக்கி, நட்டை முறுக்கி முறுக்கி உள்ளே இழுத்து உட்கார வைத்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொட்டாவி விடுகிற ஆளை நம்பிச் சக்கரத்தைக் கொடுப்பதா?

"அக்கா, கொஞ்ச நாள் ஓட்டிட்டு மறுபடி வாங்க. நட்டு எல்லாத்தையும் ஒருதரம் முறுக்கி விடறேன். மறந்துடாதீங்க."

திரும்ப வரவைக்கிற தந்திரம். நமக்குத் தெரியாதா.

மார்ச் 8, ஞாயிறு

இவருக்குத் துருவைக் கண்டால் தூக்கம் வராது. இத்தனை வருஷம் கேட்டுக்கும் கிரில்லுக்கும் பெயிண்ட் அடித்த கை. காலையிலேயே காரைச் செங்கல் மேல் ஏற்றி, நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டார். உப்புத்தாள் தேய்ப்பு, அப்புறம் பிரைமர், அதன் மேல் வெள்ளி நிறம் இரண்டு தடவை. வெளிப்பக்கம் மட்டுமா? சக்கரத்தின் உள்முகம், அது போய் உட்காருகிற இடம், நட்டு உட்காரும் குழி, போல்ட்டின் அடி, ஒன்றையும் விடவில்லை.

"யாரு பார்க்கப் போறாங்க உள்ளே?" என்றேன்.

"தெரியற இடத்துக்கு மட்டும் அடிக்கறவன் பெயிண்டரா? துரு உள்ளே இருந்துதான் கிளம்பும். என் பேரப்பிள்ளை ஏறப்போற வண்டி."

சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது கார் புதுசாய் நின்றது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். டீ போட்டுக் கொடுத்து, கையிலிருந்த வெள்ளியை மண்ணெண்ணெய் தொட்டு நானே துடைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

இடது முன் சக்கரத்தில் ஒரு சத்தம். ரேடியோவை அணைத்தால் கேட்கிறது.

மார்ச் 12, வியாழன்

"புதுச் செருப்பு கடிக்காதா? அப்படித்தான் இதுவும்" என்கிறார் இவர்.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை முடிந்து வெளியே வந்ததும், ஸ்பேனரை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். நட்டு இரண்டு, வெண்ணெயில் கத்தி போல் திரும்பின. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தையும் இறுக்கினேன்.

மார்ச் 13, வெள்ளி

மறுபடி தளர்ந்திருக்கிறது. நான்தானே இறுக்கினேன்? யாராவது வந்து கழற்றுகிறார்களா? அல்லது நட்டு தானாகவே திரும்புமா? வாசலில் நிற்கிற வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பளபளவென்று நிற்கிறது சனியன்.

மார்ச் 14, சனி

கொட்டாவிக்குப் போன் போட்டுக் கிழிகிழியென்று கிழித்துவிட்டேன். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா ஆயிடுச்சு உன் வேலை!" என்று கத்தினேன். அவன் பொறுமையாக ஒன்று கேட்டான். "அக்கா, நான் மாட்டினதுக்கு அப்புறம் சக்கரத்தை யாராச்சும் கழட்டினீங்களா?"

இவர் கழற்றியதைச் சொன்னால் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவான். "யாரும் தொடலை" என்றேன்.

"அப்படின்னா வண்டியை எடுக்காதீங்க. நான் வந்து பார்க்கறேன்."

"நீ வந்து கிழிச்சது போதும்" என்று வைத்துவிட்டேன். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் வேறு ஒருவரிடம் காட்டிக்கொள்ளலாம். இவர் இன்னொரு தடவை இறுக்கிவைத்தார். அவன் வண்டியை எடுக்காதே என்றதை மட்டும் நான் இவரிடம் சொல்லவில்லை. அவன் பேச்சுக்கு என்ன மரியாதை?

மார்ச் 16, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தா. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

மகளுக்கு வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் இருக்கிறதே என்று நான் பஸ்ஸில் வேலைக்கு வந்திருந்தேன். அவள் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள். இவர் காரை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டாராம். கிளம்பிய பிறகுதான் அவள் எனக்குச் சொல்கிறாள். நான் போன் போடுகிறேன், போடுகிறேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். எடுத்துத் தொலையுங்களேன்! வண்டியை எடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேனா நான்? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு எனக்கு?

மகள் வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வேனில், மலையின் மறுபக்கப் பாதை வழியாக. "அப்பாவுக்காக எவ்வளவு நேரம்மா பார்க்கறது, வலி தாங்கல. அப்பா எங்கே?"

மார்ச் 18, புதன்

பெண் குழந்தை. நேற்று விடியற்காலை. இருவரும் நலம்.

இவர் இதே ஆஸ்பத்திரியில் மேல் மாடியில். மகள் வீட்டுக்கு முந்தைய வளைவில் முன் சக்கரம் கழன்று போய்விட்டது. கார் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. தொடை எலும்பு முறிவு, விலா இரண்டு. திரும்பி வரும்போது கழன்றிருந்தால் பின் சீட்டில் மகள் இருந்திருப்பாள். நாத்தனார் வந்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு அண்ணி" என்றாள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

இவர் கண் திறந்ததும் சொன்ன முதல் பேச்சு: "அந்தக் கொட்டாவியைச் சும்மா விடமாட்டேன். போலீஸ்ல எழுதிக் கொடுத்துக் கடையை மூடவைக்கறேன்."

மார்ச் 20, வெள்ளி

மெக்கானிக் வந்திருந்தார். காரை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டிருக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். சக்கரத்தின் உள்முகத்தில் நகத்தால் கீறிக் காட்டினார். வெள்ளி, அதன் கீழே வெள்ளி, அதன் கீழே பிரைமர். பாளம் பாளமாக வந்தது.

"இரும்பு மேல இரும்பு உக்காரணும்க்கா. நடுவுல பெயிண்ட் இருந்தா ஓட ஓட நசுங்கும். நட்டு லூஸாகும். முறுக்கினா இன்னும் நசுங்கும். அன்னைக்குக் கேட்டேனே..."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல அண்ணன்கிட்ட சொல்லுங்க. எனக்குக் கடையை விட்டா வேற எதுவும் தெரியாது" என்றார். ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

மார்ச் 21, சனி

எப்படிச் சொல்வது? பேரப்பிள்ளைக்கு என்று அடித்தாரே.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பெயிண்டைப் பற்றியும், யாரும் தொடவில்லை என்று நான் சொன்ன பொய்யைப் பற்றியும், வண்டியை எடுக்காதே என்ற பேச்சை நான் முழுங்கியதையும். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஒரு கோட்டிங்கோட விட்டிருந்தா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

போலீஸ் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

சாயங்காலம் மகள் மெதுவாக மாடி ஏறிக் குழந்தையைக் கொண்டு வந்தாள். முதல் தடவை. "அப்பா, பிடிங்க. மூக்கைப் பாருங்க, அப்படியே உங்களோடது." இவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கையும் போர்வைக்குள்ளேயே இருந்தன. அவள் நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"கை வலிக்குதாப்பா?"

"ஆமாம்மா" என்றார்.

கையில் இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.