அடங்காத நுரை

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்துத்தான் பழக்கம், இந்த முறை கை வரவில்லை. நீயாவது சுகமாக இரு.

உன் அப்பாவுக்கு மூன்று மாதமாகவே சிறுநீர் நுரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. என்னிடம் மூச்சு விடவில்லை. ஒருநாள் கழிப்பறையிலிருந்து வந்து, அந்தக் கழுவுற மருந்தை ஏன் இப்படிக் கொட்டி வைக்கிறே, சோப்புத் தண்ணி மாதிரி நிக்குது என்று என்மேல் எரிந்து விழுந்தார். சரி என்று மருந்தை நிறுத்தினேன், நுரை நிற்கவில்லை. பஸ் டிப்போவில் கூட இருக்கும் டிரைவர்கள், வண்டி ஓட்டுறவன் அடக்கி வச்சு வேகமாப் போனா அப்படித்தான், தண்ணியக் குடி என்றார்களாம், செம்பு செம்பாகக் குடித்தார். தண்ணீர் போதாமல் வந்த நுரையானால் அதோடு போயிருக்கும், இது போகவில்லை, கால்தான் வீங்கியது. நான் தைத்துக் கொடுத்த காக்கிக் கால்சட்டை கெண்டைக்காலில் ஏறவில்லை என்றதும்தான் அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். என்றைக்கோ ஒருநாள் நுரைத்தால் பயமில்லையாம், தினமும் நுரைத்து அடங்காமல் நின்றால் புரதம் ஒழுகுகிறதா என்று பார்த்தே ஆகவேண்டுமாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத்திலேயே அழற்சி, இப்படிப் பல காரணம் இருக்கலாமாம். சிறுநீரும் ரத்தமும் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். புரதம் ஒழுகத்தான் செய்தது. சர்க்கரை இல்லை. அழுத்தம் ஏறிக் கிடந்தது. வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டாள். இவர் பெருமையாகப் பையிலிருந்து புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து, பையன் வெளிநாட்டிலேர்ந்து அனுப்பினது, முட்டி வலிக்கு, ஒரு நாள் விடாமப் போடுறேன் என்றார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வலி மாத்திரையை இப்படித் தினமும் போட்டா சிறுநீரகம் கெட்டுடும், இதை இன்னியோட விட்டுடுங்க ஐயா என்றாள். சிறுநீரகம் இரண்டும் பாதி வேலைதான் செய்கின்றன.

அதை உனக்குப் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? அதுலயே போட்டிருக்குமேம்மா, படிச்சிருக்கணும்ல என்றாய். எனக்கும் அவருக்கும் படிக்கத் தெரிந்த பாஷையில் அந்தப் புட்டியில் ஒரு வரி இல்லையடா. வரமுடியாத மகன் பார்சலாவது அனுப்புகிறானே என்று முழுங்கினார் மனுஷன். நீ போனை வைத்தபிறகும், அவன் நல்லதுக்குத்தானே அனுப்பினான், அவனைத் திட்டாதே என்று என்னைத்தான் அடக்கினார். அவர் மனசு ஆறிவிட்டது, என் மனசு ஆறவில்லை.

இப்போது அழுத்தத்துக்கு மாத்திரை, அது ஒழுகலையும் குறைக்குமாம். உப்பைக் குறைத்துவிட்டேன், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முறைக்கிறார். வீக்கம் வடிந்திருக்கிறது, நுரையும் முன்போல் இல்லை, சிறுநீரகத்தில் கெட்டுப்போனது மட்டும் திரும்பாதாம். வண்டியிலிருந்து இறக்கி டிக்கெட் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறாராம்.

போன வாரம் நீ அனுப்பிய சிறுநீரகம் சுத்தம் பண்ணும் பொடி வந்து சேர்ந்தது. டாக்டரம்மாவிடம் காட்டினேன், தொடக்கூடாது என்றாள். குப்பையில் போட்டேன், உனக்குத் தெரியட்டும்.

தலைவலிக்கு நீயும் அதே மாத்திரையைத்தான் போடுகிறாய், உடம்பு ஏற்றுகிறேன் என்று புரதப் பொடி வேறு கரைத்துக் குடிக்கிறாய். அப்பாவுக்கு அழுத்தம் இருக்கிறது, உனக்கும் வரலாம். ஒருமுறை சிறுநீரைச் சோதித்துவிட்டு எனக்குச் சொல். கோபம் வேறு, பெற்ற வயிறு வேறு. நோய்நொடி அண்டாமல் நீ நல்லபடியாக இருக்கவேண்டும்.

இனி பார்சல் எதுவும் அனுப்பாதே. வருவதானால் வெறுங்கையோடு வா.

இப்படிக்கு,
உன் அம்மா