சுவேதா பிறந்தநாளில் எடுத்த போட்டோ

தொரப்பள்ளி
12.02.2025

அன்புத் தம்பி இளம்பரிதிக்கு,

மேகலா அக்கா எழுதுவது. உன் மருமகள் சுவேதாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீயும் வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால்தான் கடிதம்.

எங்கள் தெரு ஜெயமணியின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனது நிஜம். அன்றிலிருந்து ஷிப்ட் பஸ் ஏறக்கூட ஐந்து பேராகச் சேர்ந்துதான் போகிறோம். எனக்கும் பயம்தான். ஆனால் உன் யூடியூப் சேனலில் "ஓசூரைச் சூறையாடும் வடக்கத்திக் கும்பல்" என்று ஒரு முகத்தைக் காட்டினாயே, அது நம் மாடியில் வாடகைக்கு இருக்கும் சஞ்சித். ஒடிசாக்காரன், என் கம்பெனியில்தான் பேக்கிங் வேலை. சுவேதா பிறந்தநாளுக்கு வந்தபோது நீ எடுத்த போட்டோ அது. ஓரத்தில் கேக் தட்டைப் பிடித்திருக்கும் என் கை தெரிகிறது.

இன்றே எடுத்துவிடு, கண்ணு.

உன் அக்கா,
மேகலா

கிருஷ்ணகிரி
17.02.2025

அன்பு அக்காவுக்கு,

கோபத்திலும் கண்ணு என்று எழுதியிருக்கிறாய், அதுவே போதும். மாமாவுக்கு சுகர் குறைந்ததா?

ஜனங்கள் பயப்படுவதைத்தான் நான் செய்தியாக்குகிறேன், அக்கா. முகம் காட்டாவிட்டால் யாரும் பார்ப்பதில்லை. மண்காப்பு முன்னணியின் மாவட்டச் செயலாளர் "ஏதாவது ஒரு போட்டோ போடுப்பா" என்றார். கையில் இருந்ததைக் கொடுத்தேன். சேனலை இப்போது அவர்கள்தான் நடத்துகிறார்கள். அடுத்த மாதம் என்னை ஊடகப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் அதை எடுத்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதற்குள் அவனை வீட்டைக் காலி பண்ணச் சொல். உனக்கும் நல்லது.

உன் தம்பி,
இளம்பரிதி

தொரப்பள்ளி
22.02.2025

இளம்பரிதி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. அன்று காலையிலேயே சஞ்சித்தை அடித்துவிட்டார்கள்.

கெலவரப்பள்ளி ரோட்டு டீக்கடையில். நான் பால் வாங்கப் போயிருந்தேன். "போன்ல வந்தவன் இவன்தாண்டா" என்று ஒருவன் கத்தினான். பதினைந்து பேர் இருக்கும், எல்லாம் தெரிந்த முகங்கள். "எங்க மாடில இருக்கற பையன், விடுங்கய்யா" என்று நடுவில் புகுந்தேன். ஜெயமணியின் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "உன் தம்பிதானேம்மா போட்டிருக்கான்? அவனுக்குத் தெரியாதா?" என்றார்.

வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. "அக்கா, நான் என்ன பண்ணேன்?" என்று தமிழில் கேட்கிறான்.

சங்கிலி போன நேரத்தில் அவன் ஷிப்டில் இருந்தான். கம்பெனியில் எழுதி வாங்கி ஸ்டேஷனில் கொடுத்தேன். "போட்டோ வெளியே எப்படிம்மா போச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். உன் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். "கூடப் பிறந்தவன்டி" என்றார் மாமா. தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாளில் உன்னைக் கூப்பிடுவார்கள். செயலாளர் பின்னால் ஒளியாதே, நீயே போ. போய்விட்டு ஆஸ்பத்திரியில் அவனைப் பார். அதுவரை இந்த வீட்டுக்கு வராதே.

மேகலா