சூரன்போருக்கு மறுநாள் இரத்தப் பரிசோதனை

ரொம்சோஸ்,
27 ஒக்ரோபர் 2025

அஜந்தாவுக்கு,

தொலைபேசியில் கதைத்தால் சண்டையில் முடியும் என்பதால் எழுதுகிறேன். நாங்கள் பிரிந்தபின் உனக்குச் சொல்ல இப்போதுதான் ஒரு நல்ல செய்தி கிடைத்திருக்கிறது. எங்கள் மகள் யதுர்ஷா ஒன்பது கிலோ குறைந்துவிட்டாள்! "பதினாலு வயதில் இந்த நிறைக்கு இன்சுலின் திணறுகிறது, சலரோகம் வரலாம்" என்று கோடையில் ஆஸ்பத்திரியில் சொன்னார்களே. அவர்கள் தந்த கலோரி குறைந்த சாப்பாட்டை நானே அளந்து கொடுக்கிறேன். நாளை காலை சீனிப் பரிசோதனை. இன்னும் இறங்கட்டும் என்று கந்தசஷ்டி முழுவதும் என்னோடு அவளையும் விரதம் பிடிக்க வைத்தேன்: இரவில் பாலும் ஒரு பழமும் மட்டும். இன்று கோயிலில் சூரன்போர் பார்க்கும்போது, "அப்பா, சூரனுக்கும் பசிக்குமோ?" என்று கேட்கிறாள்!

பிறந்தநாளில் எல்லோர் முன்னாலும் அவளைப் "பூசணிக்காய்" என்ற உன் அண்ணர் சண்முகலிங்கத்தை நான் மறக்கவில்லை. முடிவு வந்ததும் அவருக்கு ஒரு பிரதி போகும்.

இரவீந்திரன்

ரொம்சோஸ்,
3 நவம்பர்

அஜந்தா,

குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரத்தின் பின் அவளின் இரத்தச் சீனி எட்டு தசம் ஒன்பது. ஏழு தசம் எட்டுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். கோடையில்கூட இவ்வளவு இல்லை! போன மாதம் உன்னிடம் வந்தபோது என்ன கொடுத்தாய், கேக்கா? "பட்டினி கிடந்தும் கூடினா, பிறகேன் நான் சாப்பிடாம இருக்கிறன்?" என்று சொல்லிவிட்டு யதுர்ஷா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நத்தார் விடுமுறைக்கு அவளை உன்னிடம் ஸ்தவாங்கருக்கு அனுப்பமாட்டேன்.

இரவீந்திரன்

ஸ்தவாங்கர்,
7 நவம்பர்

யதுர்ஷாவின் அப்பாவுக்கு,

நான் கேக் கொடுக்கவில்லை. உங்கள் முதற்கடிதத்தைத் திரும்ப வாசித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளும் சோறு, பாண் எல்லாம் போதிய அளவு சாப்பிட்டிருக்க வேண்டுமாம். பட்டினி கிடந்த உடம்பு இன்சுலினைக் குறைத்து வைத்திருக்கும். திடீரென்று அவ்வளவு சீனி வந்தால் சமாளிக்கத் தெரியாமல் கூட்டிக் காட்டுமாம். சீனி வருத்தம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. திரும்ப வரச் சொல்கிறார்கள். குறைந்த சாப்பாடு வேறு, பட்டினி வேறு.

முதலில் கதவைத் தட்டி இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிறகு என்னோடு சண்டை பிடிக்கலாம்.

அஜந்தா

ரொம்சோஸ்,
26 நவம்பர்

அன்புள்ள அஜந்தா,

ஆறு தசம் இரண்டு! தாதி சொன்னதும் அந்த நடைபாதையிலேயே நான் கைதட்டிவிட்டேன். யதுர்ஷாவுக்குத்தான் வெட்கம்.

உன் கடிதம் வந்த அன்றே கதவைத் தட்டினேன். "உன்ரை உடம்பிலை பிழையில்லை, பிள்ளை. நான் பிடிக்க வைச்ச விரதந்தான்" என்றேன். "அப்ப அம்மாவைத் திட்டினது?" என்று கேட்டாள். பிழையை முருகன்மேல் போட மனம் வரவில்லை. உன்மேல் போட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

மூன்று நாளும் சோறு போட்டேன். சோற்றுக் கோப்பையை நீட்டி, "போடுங்கோ அப்பா, இது வைத்தியம்" என்று சிரித்தாள். இப்போது பழையபடி அளவுச் சாப்பாடு. அளப்பவள் அவள்.

நத்தாருக்கு வருகிறாள். முடிவின் பிரதியை இதனுடன் வைத்திருக்கிறேன். உன் அண்ணருக்கு நீயே வாசித்துக் காட்டு, ஆறுதலாக, இரண்டு தரம். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவளைக் கொண்டுவந்து விட நானும் ரயிலேறுகிறேன். நிலையத்தோடு திரும்பிவிடுவேன். தேநீர் குடிக்கக் கூப்பிடுவதென்றால், எனக்குச் சீனி போடாதே.

இரவி